எங்கள் உடம்பின் பெருங்குழாய்கள்: நாடி எது, நாளம் எது, நரம்பு எது?

"அப்பாவுக்கு நரம்பில அடைப்பாம்." ஊரிலும் சரி, புலம்பெயர்ந்த நாடுகளிலும் சரி, இந்த வசனத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அனேகமாக இருக்காது. ஆனால் இதைச் சொல்பவர் எதைச் சொல்கிறார்? இதயத்துக்குக் குருதி கொண்டுபோகும் குழாய் அடைபட்டதையா, காலில் குருதி உறைந்ததையா, முள்ளந்தண்டில் நரம்பு நெரிபட்டதையா? மூன்றுக்கும் எம்மவர்களிடம் ஒரே சொல்தான். ஊசி ஏற்றுவதும் நரம்பில்தான், காலில் சுருண்டு புடைத்து நிற்பதும் நரம்புதான், கோபம் வந்தால் நெற்றியில் துடிப்பதும் நரம்புதான்.

வீட்டுக்குள் பேசும்போது இதனால் பெரிய பாதகம் இல்லை. வைத்தியசாலையில் அப்படியல்ல. அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ மொழிபெயர்க்கப் போகும் பிள்ளை, "கால் நரம்பு நோகுது" என்பதை அப்படியே "நேர்வ்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், வைத்தியர் முதுகைப் பற்றித்தான் கேட்கத் தொடங்குவார். கால் நாளத்தில் குருதி உறைந்திருக்குமோ என்ற யோசனை பிந்தித்தான் வரும். வைத்தியர் "ஆட்டரி" என்று ஒன்றையும் "வெயின்" என்று இன்னொன்றையும் சொல்லியிருப்பார்; வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டும் நரம்பாகிவிடும். மருந்து ஏன் தரப்பட்டது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகும்.

இத்தனைக்கும் எங்களிடம் சொல் இல்லாமல் இல்லை. இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு நாடி, நாளம் என்ற இரண்டும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் இவற்றைத் தமனி, சிரை என்பார்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார். அங்காதிபாதம் என்று அன்று அந்தப் பாடத்துக்குப் பெயர். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தமிழில் படித்த பாடத்தை இன்று நாங்கள் "நரம்பு" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் கவலை.

நரம்பிலிருந்தே தொடங்குவோம். நரம்பு குழாய் அல்ல. அது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வடம். அதற்குள் குருதி ஓடுவதில்லை. குருதி ஓடுவது நாடியிலும் நாளத்திலும். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுபோவது நாடி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். நாடியின் சுவர் தடிப்பானது, இழுபடக்கூடியது; இதயம் தள்ளும் விசையை அதுதான் தாங்குகிறது. பிரஷர் பார்க்கும்போது 120க்கு 80 என்று சொல்வது நாடிக்குள் இருக்கும் அமுக்கம். நாளத்தின் சுவர் மெல்லியது, உள்ளே அமுக்கமும் மிகக் குறைவு. நாடி வெட்டுப்பட்டால் குருதி துடித்துத் துடித்துப் பாயும். நாளம் வெட்டுப்பட்டால் கருஞ்சிவப்பாக வழியும். தோலுக்கூடாக நாளம் நீலமாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடுவது சிவப்புக் குருதிதான். தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் காட்டும் நிறம் அது. இரண்டுக்கும் நடுவில் மயிர்த்துளைக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு சிவப்புக் கலம் ஒடுங்கி நுழையக்கூடிய அளவுக்குத்தான் அவற்றின் அகலம்.

நாடிகளுக்கெல்லாம் தாய் பெருநாடி. இதயத்தின் இடது இதயவறையிலிருந்து கிளம்பும் இது, தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் அகலம். சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் குருதி இதற்கூடாகப் போகிறது. மேலே எழுந்து, குடைப்பிடி போல வளைந்து, முள்ளந்தண்டின் முன்பக்கமாகக் கீழே இறங்கி, கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போய்விடும்.

பெருநாடியின் முதல் கிளை எங்கே போகிறது தெரியுமா? மூளைக்கல்ல. இதயத்துக்கே. பெருநாடி தொடங்கிய உடனேயே வலது, இடது என்று இரண்டு சிறிய நாடிகள் பிரிந்து இதயத்தின் மேற்பரப்பைச் சுற்றிப் படர்கின்றன. இவைதான் முடியுருநாடிகள், ஆங்கிலத்தில் கொறனறி. இதயத்துக்குள் எவ்வளவு குருதி நிறைந்திருந்தாலும், அதன் தசை வாழ்வது இந்த இரண்டு மெல்லிய குழாய்களை நம்பித்தான். "அஞ்சியோகிராம் செய்து ஸ்ரென்ற் வைச்சவை" என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். மணிக்கட்டின் நாடியூடாகவோ தொடை இடுக்கின் நாடியூடாகவோ மெல்லிய குழாயை விட்டு, பெருநாடி வழியே எதிர்த்திசையில் ஏறி, இந்த முதல் கிளைக்குள் நுழைகிறார்கள். கையில் துளைபோட்டு இதயத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வியக்கும் முதியவர்களுக்கு இதுதான் பதில்: பாதை முழுவதும் ஒரே குழாய்த்தொடர்.

இங்கே எங்கள் வீடுகளில் நடக்கும் ஒரு விடயத்தைச் சொல்லாமல் போகமுடியாது. இதயத்தின் அடிப்பக்கம் பிரிமென்தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. அந்த அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலானவர்களில் குருதி கொடுப்பது வலது முடியுருநாடி. அது அடைபட்டால் நெஞ்சு நோவதைவிட மேல்வயிற்றில் அமத்துவது போலவும், குமட்டல் போலவும் இருக்கலாம். உடனே "வாய்வு பிடிச்சிட்டுது" என்று இஞ்சி இடித்துக் குடிப்போம், ஓமத்தண்ணீர் குடிப்போம், நெஞ்சைத் தடவிவிட்டுப் படுக்க வைப்போம். சலரோகம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நோவே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வருவதும் உண்டு. தெற்காசியர்களிடம் இதயநாடி நோய் மற்றவர்களைவிட அதிகம், வயதிலும் முந்தி வருகிறது என்பது இந்த நாடுகளின் வைத்தியர்களுக்கு நன்கு தெரியும். ஆகவே வியர்வையோடு வந்த "வாய்வு" பதினைந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் அது இஞ்சிக்குரிய விடயமல்ல. பிரித்தானியாவில் 999, ஐரோப்பாவில் 112, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000.

பெருநாடி வளையும் இடத்தில் மூன்று கிளைகள் மேலே போகின்றன. கைகளுக்கும் தலைக்கும் குருதி போவது இவற்றால்தான். கைக்குப் போகும் நாடியின் கடைசிப் பகுதியைத்தான் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கிறோம். சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்ததும் இதே குழாயில்தான்; "நாடி பிடித்தல்" என்ற பழக்கச் சொல்லில் மட்டும் நாங்கள் சரியான பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

கழுத்தின் இரு பக்கமும் குரல்வளைக்கு அருகில் விரலை மெதுவாக வைத்தால் துடிப்பது கழுத்துநாடி, ஆங்கிலத்தில் கரோட்டிட். இரு பக்கத்தையும் ஒரேநேரத்தில் அமத்திப் பார்க்கக் கூடாது. குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் இது இரண்டாகப் பிரியும்: ஒன்று முகத்துக்கு, மற்றது மூளைக்கு. கொழுப்புப் படிய விரும்பும் இடம் இந்தப் பிரிவுதான். அங்கிருந்து ஒரு சிறு துணிக்கை உடைந்து மேலே போனால் பாரிசவாதம். இடப்பக்க மூளை அடிபட்டால் வலக்கை, வலக்கால் விழும். பெரும்பாலானோருக்குப் பேச்சும் இடப்பக்க மூளையில் இருப்பதால் பேச்சும் குழறும். மூளைக்குப் போகும் கிளையிலிருந்தே கண்ணுக்கும் ஒரு கிளை போவதால், சிலருக்கு ஒரு கண்ணில் திரை இறங்கியது போல இருட்டி, சில நிமிடத்தில் தெளியும். தெளிந்ததும் "ஒண்டுமில்லை, களைப்பு" என்று விட்டுவிடுவார்கள். அது முன்னறிவிப்பு. அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டியது.

முகம் கோணுகிறதா, ஒரு கையைத் தூக்க முடியவில்லையா, பேச்சு மாறுகிறதா என்று பார்த்தவுடன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நல்லபடி இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. வைத்தியசாலையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான். அண்ணாவுக்கும் அக்காவுக்கும் தொலைபேசி எடுத்து யோசனை கேட்பதில் அந்த நேரம் போய்விடக் கூடாது.

வயிற்றுக்குள் இறங்கிய பெருநாடி ஈரல், குடல், சிறுநீரகங்கள் என்று கிளைகளைக் கொடுத்துக்கொண்டே போகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு கைக்குள் அடங்கக்கூடிய எடைதான். ஆனால் இதயம் தள்ளும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. பிரஷர் கூடினால் சிறுநீரகம் பழுதாவதும், சிறுநீரகம் பழுதானால் பிரஷர் கூடுவதும் இதனால்தான். சிறுநீரகங்களுக்குக் கீழே பெருநாடி இரண்டு சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். புகைப்பழக்கம் உள்ள ஆண்களில் சிலருக்கு வயது போகப்போக அந்த இடம் சைக்கிள் ரியூப் போலப் புடைக்கிறது. மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டினால் கண்காணிப்பு, ஐந்தரையை எட்டினால் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு. வெடிக்கும்வரை ஒரு நோவும் தராது. பிரித்தானியாவில் 65 வயதாகும் ஆண்களுக்கு இதற்கென்றே ஒரு ஸ்கான் கடிதம் வரும். வயிற்றில் களி பூசிப் பார்க்கும் சில நிமிட வேலை. நோவில்லையே என்று அப்பாமார் குப்பைக்குள் போடும் கடிதங்களில் இதுவும் ஒன்று.

காலுக்குப் போன நாடி தொடை இடுக்கிலும், முழங்காலின் பின்புறத்திலும், கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னாலும், பாதத்தின் மேற்புறத்திலும் துடிக்கும். சலரோகக் கிளினிக்கில் தாதி பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது இந்தத் துடிப்பைத் தேடித்தான். துடிப்புக் குறைந்த காலில் சப்பாத்து உரசிய சிறு புண்ணும் ஆறாது. நடக்க நடக்கக் கெண்டைக்கால் இறுகி நொந்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுப்போனால் நாடியைச் சந்தேகிக்க வேண்டும். நின்றாலும் விடாமல், குனிந்தாலோ கதிரையில் இருந்தாலோ மட்டும் விட்டால் முள்ளந்தண்டில் நெரிபடும் நரம்பாக இருக்கலாம். வைத்தியருக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஆங்கிலப் பெயர்கூடத் தேவையில்லை. எப்போது நோகிறது, எப்போது விடுகிறது என்று சொன்னால் போதும்.

போன குருதி திரும்பி வரவேண்டுமே. பாதத்திலிருந்து இதயம்வரை மேல்நோக்கி ஏற வேண்டிய குருதியைத் தள்ள அங்கே ஒரு பம்பி இல்லை. இதற்கான விடையை 1628 இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி தன் நூலில் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். கையைக் கீழே தொங்கவிட்டால் புறங்கையில் நாளங்கள் புடைக்கும். நேரான ஒரு நாளத்தை ஒரு விரலால் அமத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அதிலிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிடுங்கள். வழித்த இடம் வெறுமையாகவே நிற்கும். மேலே போன குருதி திரும்பி வராது. அமத்திய விரலை எடுத்தால் கீழிருந்து நிரம்பும். நாளத்துக்குள் ஒருவழிக் கதவுகள், அதாவது வால்வுகள், இருக்கின்றன. காலில் கெண்டைத்தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஆழத்திலுள்ள நாளங்களைப் பிழிந்து குருதியை ஒரு கதவு மேலே ஏற்றுகிறது. நடைதான் பம்பி. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் எம்மவர்களின் காலில் வால்வுகள் பழுதாகும்போது நாளங்கள் சுருண்டு புடைக்கின்றன. "நரம்பு சுருட்டல்" என்று நாங்கள் சொல்வது.

கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து தொடைவரை தோலுக்குக் கீழாகப் போகும் ஒரு நாளம் உடம்பிலேயே மிக நீளமானது. பைபாஸ் செய்யும்போது காலில் கீறி எடுப்பது இதைத்தான். காலுக்குரிய வேலையில் பெரும்பகுதியை ஆழத்து நாளங்கள் பார்த்துக்கொள்வதால் இதை இழந்தாலும் கால் சமாளிக்கும். இதயத்தில் பொருத்தும்போது வழமையாகத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். இல்லாவிட்டால் அந்த வால்வுகளே வழியை மறித்துவிடும்.

ஆழத்து நாளங்கள்தான் ஆபத்தான கதைக்கு இடம். பல மணித்தியாலம் அசையாமல் இருந்தால் பம்பி நின்றுவிடும். நின்ற குருதி உறையலாம். இலண்டனிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமே பத்து மணித்தியாலத்துக்கு மேல்; கனடாவிலிருந்து போவோருக்கு அதைவிட அதிகம். சுகதேகியாக உள்ளவருக்கு ஆபத்துக் குறைவுதான். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், கருத்தடை மாத்திரை எடுப்போர் ஆகியோருக்குக் கூடும். இன்னொன்றையும் எங்கள் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்: கோயில் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெத்திஸ்ரறோன் மாத்திரையும் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். முன்பு குருதி உறைந்தவர்கள் அதைச் சொல்லாமல், தெரிந்தவரிடம் கடன் வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல அது.

உறைந்த கட்டி எங்கே போகும்? கால் நாளத்திலிருந்து இடுப்பு நாளம், அங்கிருந்து முள்ளந்தண்டின் வலப்பக்கமாக ஏறும் கீழ்ப்பெருநாளம், அங்கிருந்து இதயத்தின் வலது சோணையறை, வலது இதயவறை. கவனியுங்கள், இவ்வளவு தூரமும் குழாய் அகன்றுகொண்டேதான் வருகிறது. கட்டி சிக்க ஓரிடமும் இல்லை. அடுத்தது நுரையீரல் நாடி. அங்கேதான் முதன்முதலாகக் குழாய் கிளைத்துக் கிளைத்து ஒடுங்குகிறது. அங்கே சிக்குகிறது. காலில் வீக்கம் என்று சொன்னவருக்கு ஏன் நெஞ்சை ஸ்கான் பண்ணுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நோவதும், திடீரென மூச்சு வாங்குவதும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவதும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள்.

நுரையீரல் நாடி பாடசாலைப் பரீட்சையில் பலரை விழுத்திய கேள்வி. நாடி என்றால் ஒட்சிசன் நிறைந்த குருதி என்று மனனம் செய்தவர்கள் இங்கே தவறுவார்கள். நுரையீரல் நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி; நுரையீரல் நாளங்களில் திரும்பி வருவதுதான் ஒட்சிசன் நிறைந்தது. பெயர் வைத்தது திசையைப் பார்த்து.

அப்படித் திரும்பி வரும் குருதி சேரும் இடம் இடது சோணையறை. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களில், ஆங்கிலத்தில் ஏ.எப். என்பார்கள், இந்த அறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதன் மூலையில் குருதி தேங்கி உறையும். இந்தக் கட்டிக்கு முன்னால் இருப்பது நுரையீரல் அல்ல. இடது இதயவறை, பெருநாடி, கழுத்துநாடி, மூளை. "வருத்தம் நெஞ்சில, மருந்து ஏன் பாரிசவாதத்துக்கு?" என்று கேட்டுக் குருதி உறையாமைக்கான மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் தாத்தாமாருக்கு இந்தப் பாதையை ஒரு கடதாசியில் கீறிக் காட்டினால் போதும்.

எல்லா நாளமும் நேரே இதயத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து வரும் குருதி முதலில் ஈரலுக்குள் போகிறது. கொண்டுபோவது ஈரல் வாயில்நாளம். மதுவாலோ வேறு காரணத்தாலோ ஈரல் இறுகினால் அந்த வழி அடைபடும். குருதி மாற்றுவழி தேடி உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களுக்குள் ஏறும். அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கும். குடிப்பழக்கம் உள்ளவர் குருதியாகச் சத்தி எடுத்தால் அது வயிற்றுப்புண் என்று வீட்டில் வைத்துப் பார்க்கும் வருத்தமல்ல.

கடைசியாக, நாடியையும் நாளத்தையும் மனிதர் கையால் இணைக்கும் ஓரிடம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவரின் குருதியை வாரத்தில் பெரும்பாலும் மூன்று தடவை இயந்திரத்துக்குள் வேகமாக ஓட விடவேண்டும். நாளத்தில் அந்த வேகம் இல்லை; நாடியோ ஆழத்தில் இருக்கிறது, அதில் அடிக்கடி ஊசி குத்தவும் முடியாது. 1966 இல் நியூயோர்க் வைத்தியர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள்: மணிக்கட்டில் நாடியைப் பக்கத்து நாளத்தோடு தைத்துவிடுவது. நாடியின் அமுக்கம் பாய்ந்து, சில வாரங்களில் நாளம் தடித்துப் பெருத்து ஊசிக்குத் தயாராகிறது. பிஸ்ருலா என்று சொல்வது இதைத்தான். அந்த இடத்தில் கை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். நாள்தோறும் காலையில் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். அதிர்வு நின்றிருந்தால் அன்றே டயாலிசிஸ் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ குருதி எடுக்கவோ விடக்கூடாது, இறுக்கமான காப்பும் போடக்கூடாது, கடைப் பையை முழங்கையில் கொழுவிக்கொண்டு நடக்கவும் கூடாது. புதிதாக வந்த தாதி அந்தக் கையை நீட்டச் சொன்னால், ஆங்கிலம் தெரியாத அம்மாவும் "நோ, பிஸ்ருலா" என்று சொல்லி மற்றக் கையை நீட்டலாம்.